ஒரு மரபணுவே வேறுபாடு: வாய்ப்புற்றுநோய் மருந்துத் தேடலில் இணை உயிரணுக்கள்

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு, அதிலும் பெண்களுக்கு, வெற்றிலை பாக்கு அன்றாட வேலையின் துணையாக இருந்தது. விடியற்காலைக் குளிரைத் தாங்கவும் பசியைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் அது உதவியது. கூடவே ஒரு துண்டுப் புகையிலையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பழக்கத்தின் விலையை உட்கன்னமும் நாக்கும் ஈறும் கொடுத்து வருகின்றன. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. வாய்ப்புற்றுநோயாளிகளிலோ அவர்களுடைய பங்கு அதைப்போலப் பல மடங்கு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும், பாக்கு ஒன்றே அதற்குப் போதும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீடு உறுதி செய்தது. இந்த நோய்க்கு இன்றும் முதன்மையான சிகிச்சை அறுவையும் கதிர்வீச்சும், 1978 முதல் புழக்கத்தில் இருக்கும் சிஸ்பிளாட்டினும்தான். இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கும் நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகைக்கும் நோயின் வேரை மட்டும் குறிவைக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. வாய்ப்புற்றுநோய்க்கு அப்படியொரு மாத்திரை வரவில்லை. உயிரணுக்களிடம் நாம் சரியான கேள்வியைப் போதிய அளவு கேட்காததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் வாதம். அந்தக் கேள்வியைக் கேட்கும் கருவி, மரபணு மாற்றி நிலைப்படுத்திய உயிரணு வரிசை. ஆய்வுக்கூடத்தில் இதைச் செல் லைன் என்பார்கள்.

குறிவைக்கும் மாத்திரைகளில் பெரும்பகுதி தாக்குவது கைனேஸ் என்ற புரத வகையை. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டுவதே கைனேஸின் வேலை. பாஸ்பேட் ஒட்டிய புரதம் விழித்துக்கொண்டு அடுத்த புரதத்தை எழுப்புகிறது. தோட்டத்தில் துரையின் ஆணை கிராணிக்கு வந்து, பெரட்டுக்களத்தில் மண்டோர் வாய்வழியாகத் தொழிலாளியை அடைந்ததுபோல், உயிரணுவின் மேற்பரப்பில் கிடைக்கும் செய்தி கைனேஸ்கள் வழியாக உட்கருவை அடைகிறது. ஆணையே வராதபோதும் 'பெருகு, பெருகு' என்று ஒரு கைனேஸ் ஓயாமல் கூவத் தொடங்கினால் அது புற்றுநோய்க்கு வழி. மனித மரபணுத் தொகுதியில் இருக்கும் கைனேஸ்களை 2002இல் எண்ணியபோது 518 கிடைத்தன. இன்று 80க்கும் மேற்பட்ட கைனேஸ் தடுப்பு மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு. சிக்கல் என்னவென்றால், ஏடிபி வந்து அமரும் பள்ளம் எல்லாக் கைனேஸ்களிலும் ஏறத்தாழ ஒரே வடிவம். ஒன்றைத் தடுக்கப் போகும் மருந்து வேறு பத்தையும் தடுக்கலாம். ஒரு மருந்து புற்றணுவைக் கொன்றது என்று தெரிந்தாலும், எந்தக் கைனேஸைத் தடுத்ததால் கொன்றது என்பது தனிக்கேள்வியாகவே நிற்கும்.

அந்தத் தனிக்கேள்வியைத் தொடாமலேயே ஆய்வு நடத்தலாம், நடக்கவும் செய்கிறது. மலேசியாவின் மூலிகைச் செல்வத்தை நம்பித் தொடங்கும் மாணவர் ஆய்வுகளின் வழக்கமான பாதை இது: இலையையோ வேரையோ கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுப்பது, கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா அல்லது மார்பகப் புற்றிலிருந்து வந்த எம்சிஎஃப்-7 உயிரணுக்களின்மேல் அதைச் சேர்ப்பது, எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவது. உயிரோடிருக்கும் அணு சாயத்தை ஊதாவாக மாற்றும். ஊதா மங்கினால் அணுக்கள் குறைந்திருக்கின்றன என்று பொருள். எளிய சோதனை, செலவும் குறைவு, மாணவர் கை பழகுவதற்கு நல்லது. ஆயினும் அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்தச் சாறு இந்த அணுவுக்கு நஞ்சு. சோப்பும் நஞ்சுதான், சாராயமும் நஞ்சுதான். மருந்தாக வேண்டுமானால், நோயைத் தூண்டும் புரதம் உள்ள அணுவை அது கொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் அதைப்போலவே இருந்து அந்தப் புரதம் மட்டும் இல்லாத அணுவை விட்டுவைக்கவும் வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு உயிரணு வரிசைகள் தேவை. இயற்கையில் அப்படி ஒரு சோடி கிடைக்காது, உருவாக்கியாக வேண்டும்.

உருவாக்கும் முறையில் மந்திரம் எதுவும் இல்லை. நாம் ஆராய விரும்பும் கைனேஸின் மரபணுவை ஒரு சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து, அதோடு ஒரு நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்து, வலுவிழக்கச் செய்த வைரஸ் மூலமாகவோ கொழுப்புத் துளி மூலமாகவோ உயிரணுவுக்குள் செலுத்துகிறார்கள். பெரும்பாலான அணுக்களில் அந்த டிஎன்ஏ குரோமோசோமில் சேராமல் சில நாட்களில் கரைந்துபோகும். அந்தச் சில நாட்களுக்குள் செய்யும் சோதனையில், பத்து அணுக்களில் ஒன்று மரபணுவை நிறையப் பெற்றிருக்கும், ஒன்று கொஞ்சமாக, மற்றவை துளியும் இல்லாமல் இருக்கும். விடையும் அதேபோல் கலங்கலாக வரும். ஆகவே புரோமைசின் அல்லது ஜெனெடிசின் மருந்தை வளர்ப்பு நீர்மத்தில் கலக்கிறார்கள். குரோமோசோமுக்குள் மரபணு நிலையாகப் பதிந்த அணுக்கள் பிழைக்கும், மற்றவை சாகும். பிழைத்தவற்றிலிருந்து ஒற்றை அணுவைப் பிரித்து வளர்த்தால், ஒரே மாதிரியான கோடிக்கணக்கான அணுக்கள் கிடைக்கும். பல வாரங்கள் பிடிக்கும் இந்த வேலை முடிந்தபின், நீர்ம நைட்ரஜனில் -196 பாகையில் உறையவைத்து எத்தனை ஆண்டு கழித்தும் எடுத்துக்கொள்ளலாம். இன்று எடுத்த அளவீட்டையும் அடுத்த ஆண்டு வேறு ஓர் ஊரில் எடுக்கும் அளவீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது இந்த நிலைத்தன்மையால்தான். மரபணுவைச் சேர்ப்பதற்குப் பதிலாகக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு ஒரு கைனேஸை நீக்கவும், அதில் ஓர் எழுத்தை மட்டும் திருத்தவும் இப்போது முடிகிறது.

இம்முறையின் வலிமையை நிறுவிய கதை நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயுடையது. அந்நோயில் இரண்டு குரோமோசோம்கள் முறிந்து மாறி ஒட்டுவதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற புதிய கைனேஸ் பிறக்கிறது. 1996இல் பிரையன் டிரக்கர் குழு வெளியிட்ட ஆய்வு, பின்னாளில் இமாட்டினிப் என்று பெயர் பெற்ற வேதிப்பொருளை, பிசிஆர்-ஏபிஎல் புகுத்திய உயிரணுக்களிலும் புகுத்தாத அவற்றின் மூல அணுக்களிலும் சோதித்தது. முதல் வகை ஒடுங்கியது, இரண்டாம் வகை வழக்கம்போல் வளர்ந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த அணுக்களில் பிசிஆர்-ஏபிஎல் கொண்ட கூட்டங்கள் 92 முதல் 98 விழுக்காடு குறைந்தன. இயல்பான அணுக்கூட்டங்கள் தப்பின. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய், பலருக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு வாழக்கூடிய நோயானது. பிறகு சிலருக்கு மருந்து பலிக்காமல் போயிற்று. கைனேஸின் 315ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது ஒரு முக்கியக் காரணம். இங்கே பிஏஎஃப்3 என்ற எலி உயிரணு பெரிதும் உதவியது. ஐஎல்-3 என்ற ஊட்டப் புரதம் கிடைக்காவிட்டால் அது செத்துவிடும். ஆனால் ஓயாமல் கூவும் ஒரு கைனேஸைப் புகுத்தினால் ஐஎல்-3 இல்லாமலே வாழும். அப்படி வாழும் அணுவை ஒரு மருந்து கொன்று, ஐஎல்-3 ஊட்டியதும் அதே அணு பிழைத்துக்கொண்டால், மருந்து தாக்கியது அந்தக் கைனேஸையே என்பது தெளிவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பிஏஎஃப்3 வரிசை என்று அணி வகுத்துச் சோதித்ததன் பயனாகவே, 315ஆம் இட மாற்றத்தையும் வெல்லும் பொனாட்டினிப் 2012இல் நோயாளிகளிடம் வந்து சேர்ந்தது.

இந்த ஒப்பீட்டைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஜேசன் ஷெல்ட்ஸர் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளிடம் சோதனைக்குப் போய்க்கொண்டிருந்த பல புற்றுநோய் மருந்துகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மருந்தும் எந்தப் புரதத்தைத் தாக்குவதாகச் சொல்லப்பட்டதோ, அந்தப் புரதத்தைக் கிரிஸ்பர் மூலம் அடியோடு நீக்கிய உயிரணுக்களை உருவாக்கினார்கள். புற்றணுக்கள் அப்புரதம் இல்லாமலும் நன்றாகவே வளர்ந்தன. அதைவிட முக்கியம், இலக்கு இல்லாத அணுக்களையும் மருந்துகள் முன்போலவே கொன்றன. ஓடிஎஸ்964 என்ற மருந்தின் இலக்கு பிபிகே என்ற கைனேஸ் என நம்பியிருந்தார்கள். உண்மையில் அது தாக்கியது சிடிகே11 என்ற வேறொரு கைனேஸை. சிடிகே11இல் ஒரே ஒரு மாற்றத்தை ஏற்படுத்திய அணுக்கள் மருந்தைத் தாங்கி நின்றதால் இது உறுதியாயிற்று. கேட்க ஒரு நுட்பத் தகராறுபோலத் தோன்றலாம். ஆனால் தவறான இலக்கை நம்பினால், மருந்து யாருக்குப் பலிக்கும் என்று தேர்ந்தெடுக்கும் அளவுகோலும் தவறாகும். அந்த அளவுகோலின்படி சோதனையில் சேர்ந்த நோயாளிகள் தம் கடைசி மாதங்களை வீணாக ஒப்படைத்தவர்கள் ஆவார்கள்.

'சோதனைக்குழாயில் தூய கைனேஸையும் மருந்தையும் சேர்த்துப் பார்த்தாலே போதாதா, உயிரணு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 2011இல் வந்த வெமுராஃபெனிப், சோதனைக்குழாயில் பிராஃப் என்ற கைனேஸைத் தடுக்கிறது. பிராஃப் மாறிய அணுவிலும் தடுக்கிறது. ஆனால் பிராஃப் இயல்பாக இருந்து, ராஸ் என்ற புரதம் விழித்திருக்கும் அணுவில் அதே மருந்து அதே பாதையை முடுக்கிவிடுகிறது. இந்த முரணை 2010இல் பல குழுக்கள் உயிரணுக்களில் கண்டன. மருந்து எடுத்த சிலருக்குத் தோலில் வேறு கட்டிகள் ஏன் முளைத்தன என்பதற்கும் இதுவே விளக்கம் தந்தது.

இனி வாய்க்கு வருவோம். வாய்ப்புற்றணுக்களின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் என்ற கைனேஸ் ஏராளமாக இருப்பது நெடுநாள் தெரிந்த செய்தி. நுரையீரலில் அதே ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் ஜெஃபிட்டினிப் சிலருக்கு வியக்கும்படி பலித்தது. 2004இல் காரணம் தெரிந்தது: அவர்களுடைய ஈஜிஎஃப்ஆரில் குறிப்பிட்ட மாற்றங்கள் இருந்தன, கிழக்காசியர்களிடம் அவை கூடுதல். அதே மருந்தைத் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2009இல் வந்தது. பழைய வேதிமருந்தான மெத்தோட்ரெக்சேட்டைவிட அது ஆயுளைக் கூட்டவில்லை. ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் எதிர்ப்புரத மருந்தான செட்டுக்சிமாப், வழக்கமான வேதிச்சிகிச்சையோடு சேர்ந்து இடைநிலை ஆயுளை 7.4 மாதத்திலிருந்து 10.1 மாதமாக்கியது, அதற்குமேல் இல்லை. ஒரு கைனேஸ் நிறைய இருக்கிறது என்பதும் அணு அதை நம்பித்தான் வாழ்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள் என்பதை இந்த முடிவுகள் காட்டுகின்றன. இருப்பைக் கண்ணாடித் தகட்டில் சாயமிட்டுக் காணலாம். சார்பைக் காண வேண்டுமானால் அதைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்க வேண்டும்.

யாருடைய அணுவில் சேர்த்து நீக்குவது என்பதும் அதே அளவு முக்கியம். உலக ஆய்வுக்கூடங்களில் புழங்கும் தலை, கழுத்துப் புற்று வரிசைகளில் பெரும்பாலானவை மேற்கு நாட்டு நோயாளிகளிடமிருந்தும் ஜப்பானியரிடமிருந்தும் வந்தவை. பாக்கு மென்றதால் வந்த நோயை அவை பேசா. இங்கேதான் மலேசியா பெருமைப்படத்தக்க வேலை செய்திருக்கிறது. இன்று கேன்சர் ரிசர்ச் மலேசியா என்று அழைக்கப்படும் ஆய்வு நிறுவனமும் மலாயாப் பல்கலைக்கழகமும் இணைந்து, மலேசிய நோயாளிகளின் அறுவைத் திசுவிலிருந்து ஓஆர்எல்-48, ஓஆர்எல்-115, ஓஆர்எல்-136 ஆகிய மூன்று வரிசைகளை உருவாக்கி 2007இல் அறிவித்தன. பிறகு அந்தக் குடும்பம் விரிந்தது. 2016இல் வெளியான மரபணு ஆய்வு, வெற்றிலை பாக்கு போட்டவர்களின் வரிசைகளில் எம்எல்எல்4, யுஎஸ்பி9எக்ஸ், ஏஆர்ஐடி2 ஆகிய மரபணுக்களில் மாற்றங்கள் இருப்பதையும், உயிரணுப் பிரிவுக்கான மரபணுக்கள் மிகுதியாகச் செயல்படும் வரிசைகள் சிடிகே1 என்ற கைனேஸைத் தடுக்கும் மருந்துக்குக் கூடுதலாக இணங்குவதையும் கண்டது. 2019இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். மார்பகப் புற்றுக்குப் பயன்படும் பால்போசிக்லிப் என்ற மருந்து சிடிகே4, சிடிகே6 என்ற இரு கைனேஸ்களைத் தடுப்பது. வாய்ப்புற்று வரிசைகளில் சில அதற்கு அடங்கின, சில அடங்கவில்லை. அடங்காதவற்றில் பிஐகே3சிஏ என்ற கைனேஸ் மரபணு மாறியிருப்பதைக் கண்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. மருந்துக்கு அடங்கிய அணுக்களில் மாறிய பிஐகே3சிஏயைப் புகுத்தினார்கள். அவையும் மருந்துக்கு இணங்குவது குறைந்தது. இரு பாதைகளையும் ஒருசேரத் தடுத்தபோது பலன் கூடியது. 'இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன' என்ற நிலையிலிருந்து 'இதனால்தான் அது' என்ற நிலைக்கு ஓர் ஆய்வை நகர்த்தியது அந்தப் புகுத்தல்தான். மருந்து பரிந்துரைக்கும் முன் எந்த நோயாளியிடம் எதைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஒரு துப்பும் கிடைத்தது.

மறுப்புகளில் வலுவானது இது: புகுத்திய மரபணு இயல்பைவிடப் பன்மடங்கு புரதத்தை உண்டாக்குகிறது, அந்தச் செயற்கை வெள்ளத்தில் கிடைக்கும் விடையை எப்படி நம்புவது? இது நியாயமான கேள்வி. மரபணு குரோமோசோமில் எங்கே போய் அமர்கிறது என்பதும் தற்செயல். அது இன்னொரு மரபணுவைக் கெடுத்துவிடலாம். ஒற்றை அணுவிலிருந்து வளர்த்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக்குணம் வந்துவிடலாம். இந்தக் குறைகளை அறிந்தவர்கள் வழிகளும் கண்டிருக்கிறார்கள். குரோமோசோமில் முன்பே தெரிந்த ஓர் இடத்தில் மட்டும் மரபணுவை அமர்த்துவது, டெட்ராசைக்ளின் கொடுத்தால் மட்டும் விழிக்கும்படி அமைத்து அளவைக் கூட்டிக் குறைப்பது, அணுவின் சொந்த மரபணுவையே கிரிஸ்பரால் திருத்துவது, கைனேஸின் செயல் மட்டும் செத்த வடிவம் ஒன்றையும் புகுத்தி ஒப்பிடுவது, ஒன்றுக்கு மூன்று கூட்டங்களாகச் சோதிப்பது. மருந்தைத் தாங்கும் மாற்றம் ஒன்றைக் கைனேஸில் புகுத்தியதும் அணு பிழைத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதே எல்லாவற்றிலும் கடுமையான சோதனை என்பேன். சிடிகே11 கதையில் உண்மையை வெளிக்கொணர்ந்தது அதுதான்.

உயிரணு வரிசைகளே நம்பத்தகாதவை என்ற இன்னொரு மறுப்பு, பேராக்கில் வாழும் சீனச் சமூகத்துக்கு நெருங்கியது. அவர்களிடம் மிகுதியாக வரும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயை ஆராய உலகமெங்கும் பல ஆண்டுகள் பயன்படுத்திய சிஎன்இ-1, சிஎன்இ-2 போன்ற வரிசைகளில் ஹீலா அணுக்கள் கலந்திருந்தது பின்னர் அம்பலமாயிற்று. அவற்றின்மேல் எழுதிய ஆய்வுகளின் கதி வருத்தத்துக்குரியது. ஆயினும் இந்தக் குற்றச்சாட்டு கருவியைக் கைவிடச் சொல்லவில்லை, அதன் பிறப்புச் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்கிறது. டிஎன்ஏ அடையாளச் சோதனை இன்று மலிவு. அதைச் செய்யாத ஆய்வைப் பல அறிவியல் இதழ்கள் ஏற்பதில்லை. நோயாளியின் இரத்தத்தோடு ஒப்பிடும் வாய்ப்பு உள்ள உள்நாட்டு வரிசைகளுக்கு இதில் சாதகமே கூடுதல். உடலில் கட்டியைச் சுற்றி இரத்தக் குழாயும் நோயெதிர்ப்பு அணுவும் உண்டு, உயிரணு வளர்க்கும் தட்டில் இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் எலிகளும் பிறகு மனிதர்களும் பங்கேற்கும் சோதனைகள் பின்னால் வருகின்றன. எந்த மருந்தை அங்கே கொண்டுபோகக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்வது தட்டின் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி மனத்தை உறுத்த வேண்டும். பாக்கை விட்டாலே பெரும்பாலும் வராத நோய்க்கு இத்தனை நுட்பம் தேவையா? தடுப்பே முதல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மலேசிய சுகாதார அமைச்சின் வாய்ச்சுகாதாரப் பிரிவு 1997 முதல் தோட்டப்புறங்கள் உள்ளிட்ட இடங்களுக்கே போய் வாயைச் சோதித்து, வெள்ளைத் திட்டுகளையும் சிவப்புத் திட்டுகளையும் முன்கூட்டியே கண்டுபிடித்து வருகிறது. அதற்கு ஈடான ஆய்வுக்கூடக் கருவி எதுவும் இல்லை. ஆனால் முப்பது நாற்பது ஆண்டு மென்றுவிட்டு இன்று அறுபது வயதைத் தாண்டியிருக்கும் அம்மாக்களும் பாட்டிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அவர்கள் ஈப்போ, காம்பார், தாப்பா வீடமைப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் வாய்ச்சோதனை செய்யும் குழு அவர்களைத் தேடிப் பிடிப்பதும் கடினமாகிவிட்டது. பாதிக்கும் மேற்பட்டோர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருகிறார்கள். தாடையை அறுத்தெடுத்தபின் நோய் திரும்பி வந்த ஒருவரிடம் 'நீங்கள் பாக்குப் போடாமல் இருந்திருக்கலாம்' என்பது மருத்துவம் ஆகாது.

இது கோலாலம்பூர் நிறுவனங்களால் மட்டும் முடியும் வேலை என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். காம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007இல் திறக்கப்பட்டது. உயிர்மருத்துவ அறிவியலும் உயிரித்தொழில்நுட்பமும் வேதியியலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. நிலையான வரிசை உருவாக்கத் தேவைப்படும் கரியமிலவாயு அடைகாப்பான், கிருமிநீக்கிய பணிமேடை, நீர்ம நைட்ரஜன் கலன் ஆகியவை உயிரணு வளர்க்கும் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் பொதுவானவை. மரபணு மாற்றும் வேலை என்பதால் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிறுவனக் குழுவின் மேற்பார்வையும் வேண்டும். செலவைவிடப் பெரிய தடை காலம்: மூன்று மாத மாணவர் ஆய்வுத்திட்டத்துக்குள் ஒரு வரிசையை உருவாக்கிச் சரிபார்க்க முடியாது. ஒரு துறை அதை ஒருமுறை உருவாக்கி வைத்தால், பின்னால் வரும் ஒவ்வொரு மாணவரும் தம் மூலிகைச் சாற்றை ஒற்றை வரிசைக்குப் பதில் சோடியின்மேல் சோதிக்கலாம். செலவு கொஞ்சம்தான் கூடும், விடையின் தரம் பல மடங்கு கூடும்.

முதலில் எந்தச் சோடி வேண்டும் என்பதற்கும் குறிப்பு இருக்கிறது. 2020இல் கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் பிரிட்டனின் சேங்கர் ஆய்வகமும் சேர்ந்து 21 வரிசைகளில் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, ஹிப்போ என்ற பாதையை நம்பி வாழும் அணுக்களை அடையாளம் கண்டன. அந்தப் பாதையின் நடுவில் இருப்பவையும் கைனேஸ்கள்தான். மறுபுறம், பாக்குப் போட்டவர்களின் அணுவில் கண்ட எம்எல்எல்4, யுஎஸ்பி9எக்ஸ், ஏஆர்ஐடி2 எதுவும் கைனேஸ் அல்ல. அவற்றை நேரடியாகத் தாக்கும் மருந்தைத் தேடுவது கடினம். ஆனால் அவை கெட்டுப்போன அணு, உயிர்வாழ எந்தக் கைனேஸின்மேல் சாய்ந்து நிற்கிறது என்று கேட்கலாம். பாக்கினால் வந்த ஓர் ஓஆர்எல் வரிசையை எடுத்து, அதன் எம்எல்எல்4 மரபணுவைக் கிரிஸ்பரால் பழையபடி திருத்தி ஓர் இணையை உருவாக்கி, திருத்தாததையும் திருத்தியதையும் அருகருகே வைத்து, ஏற்கெனவே அனுமதி பெற்ற கைனேஸ் மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மருந்துகள் சந்தையில் கிடைக்கின்றன, நோயாளிகள் மனமுவந்து தந்த திசுவிலிருந்து வளர்ந்த வரிசை நாட்டுக்குள்ளேயே உறைநிலையில் இருக்கிறது, திருத்த வேண்டிய எழுத்து எதுவென்று வரிசையின் மரபணு விவரம் சொல்லும்.